கடலோர வீட்டுக்குச் சூரிய வடிகலன்: எவ்வளவு வடியும், லிட்டருக்கு என்ன விழும், எப்படிக் கட்டுவது

கடற்கரைக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு, கிணற்றில் ஊறுவதோ உவர் நீர், வெயிலுக்கு மட்டும் வருஷத்தில் எட்டு ஒன்பது மாதம் பஞ்சமே கிடையாது. ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கம் இருக்கிறவர்களுக்கு அந்த வெயிலிலேயே தண்ணீரைக் காய்ச்சி வடித்துக் குடித்தால் என்ன என்ற யோசனை ஒரு தடவையாவது வந்திருக்கும். யோசனை சரிதான், வீட்டளவில் செய்யவும் முடியும். கருப்புத் தரை போட்ட ஒரு பெட்டியில் உப்புத் தண்ணீர், மேலே சாய்வாக ஒரு கண்ணாடி; வெயிலில் எழும் ஆவி கண்ணாடியின் அடியில் நல்ல நீராகி வழிந்து ஒரு வாய்க்காலில் சேரும், சூரிய வடிகலன் என்பது இந்தப் பெட்டிதான். ஒரு தச்சர் அல்லது கொத்தனார், ஒரு கண்ணாடிக் கடை, மீன் தொட்டி ஒட்டும் சிலிகான் இரண்டு டியூப் இருந்தால் வேலை நடந்துவிடும். ஆனால் தினம் எத்தனை லிட்டர் வரும், லிட்டருக்கு என்ன விலை விழும் என்று பார்க்காமல் இறங்குகிறவர்களின் பெட்டிதான் நாலாம் மாதம் கோழிக்கூடாகிறது. அதனால் கணக்கு முதலில், கட்டுவது அப்புறம்.

வெயில் எவ்வளவு கொடுக்கும்

ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க, கரண்ட் பில் கணக்கில் சொன்னால், சுமார் 0.65 யூனிட் வெப்பம் வேண்டும். இதில் பேரம் பேச முடியாது. நம் தென்கடலோரத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு நாளைக்கு விழும் வெயில், வருஷச் சராசரியாக 5 முதல் 5.5 யூனிட். அத்தனையும் ஒரு துளி வீணாகாமல் தண்ணீரை ஆவியாக்கவே போனாலும் 8 லிட்டர்தான் வரும். ஆகவே ஒரு சதுர மீட்டர் சாதாரணப் பெட்டியில் தினம் 10 லிட்டர் எடுக்கிறேன் என்று யாராவது வீடியோ போட்டால், கணக்கு தெரியாதவர் அல்லது பெட்டி விற்கிறவர் என்று எடுத்துக்கொள்ளலாம்.

நிஜத்தில் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் வெயில் ஒரு பங்கு, அடிப்பக்கமும் சுவர் வழியாகவும் கசியும் சூடு ஒரு பங்கு, ஆவியாகாமல் வெறும் சூடாகத் தண்ணீரிலிருந்து கண்ணாடிக்குப் போவது இன்னொரு பங்கு. இவை போக 30 முதல் 40 சதவீதம் கையில் நின்றால் நன்றாகக் கட்டிய பெட்டி என்று அர்த்தம். சதுர மீட்டருக்கு இரண்டரையிலிருந்து மூன்றரை லிட்டர்.

இது காகிதக் கணக்கு இல்லை. குஜராத்தில் பாவ்நகருக்குப் பக்கத்தில் அவானியா என்ற கிராமத்தில், அங்குள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையம் 1978-ல் அமைத்த சூரிய வடிநிலையத்தின் பரப்பு சுமார் 1,867 சதுர மீட்டர், நாளொன்றுக்கு 5,000 லிட்டர். வகுத்துப் பாருங்கள், சதுர மீட்டருக்கு 2.7 லிட்டர். அதற்கும் நூறு வருஷம் முன்பு, 1872-ல், சிலி நாட்டின் பாலைவனத்தில் லாஸ் சாலினாஸ் என்ற இடத்தில் சார்ல்ஸ் வில்சன் என்பவர் வெடியுப்புச் சுரங்கத்துக்காகக் கட்டியது சுமார் 4,700 சதுர மீட்டர். நல்ல வெயில் நாளில் 22,000 லிட்டருக்கு மேல் கொடுத்தது, அதாவது சதுர மீட்டருக்கு 4.8 லிட்டர் வரை. அது உலகத்திலேயே கடுமையான வெயில் விழும் அட்டகாமா. மரமும் கண்ணாடியும் வைத்துக் கட்டிய அந்த நிலையம் ஏறக்குறைய 40 வருஷம் ஓடியது என்பதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், விலைக் கணக்கு வரும்போது உதவும்.

உங்கள் பெட்டியின் திறனை நீங்களே பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. ஒரு நாளில் ஒரு சதுர மீட்டருக்கு வடிந்த லிட்டரை 0.65-ஆல் பெருக்கி, அன்றைய வெயில் யூனிட்டால் வகுத்தால் திறன். 2.7 லிட்டர், 5.4 யூனிட் வெயில் என்றால் 32 சதவீதம். மாடியில் சோலார் பேனல் போட்ட வீடு பக்கத்தில் இருந்தால், அவர்கள் ஆப்பில் நல்ல வெயில் நாளுக்கும் மேகம் போட்ட நாளுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்துக்கொண்டால் உங்கள் பெட்டி சோம்பலா, வானம் சோம்பலா என்று தெரிந்துவிடும்.

அப்படியானால் ஆர்ஓ போட்டால் என்ன?

நியாயமான கேள்வி. ஆர்ஓ என்பது தண்ணீரை அழுத்தித் சவ்வு வழியாகத் தள்ளி உப்பைப் பிரிக்கும் முறை. ஒரு சதுர மீட்டர் சோலார் பேனல் சுமார் 200 வாட், நாளைக்கு 0.8 யூனிட் மாதிரி கரண்ட் தரும். மீஞ்சூர், நெம்மேலி போன்ற பெரிய கடல்நீர் ஆர்ஓ ஆலைகள் 1,000 லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் செலவழிக்கிற வகை. அந்தக் கணக்கில் அதே ஒரு சதுர மீட்டர் வெயில் 200 லிட்டருக்கு மேல் தண்ணீர் தரும். சின்ன ஆர்ஓ இயந்திரங்கள் இரண்டு மூன்று மடங்கு கரண்ட் தின்னும், அப்படிப் பார்த்தாலும் 70, 80 லிட்டர். நம் பெட்டி மூன்று லிட்டர். மறைக்க ஒன்றுமில்லை, திறனில் இது தோற்ற ஆட்டம்.

ஆனால் கடல்நீரை ஆர்ஓவில் தள்ள 55, 60 பார் அழுத்தம் வேண்டும். வீட்டுச் சமையலறையில் மாட்டும் ஆர்ஓ பெட்டி அதற்கானதல்ல. டிடிஎஸ், அதாவது நீரில் கரைந்திருக்கும் உப்புகள், லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் தாண்டிய கிணற்றுநீருக்கே அதன் சவ்வு மூச்சுத் திணறும். ஆக அழுத்த பம்பு, துருப்பிடிக்காத குழாய், முன்வடிகட்டி, வருஷா வருஷம் சவ்வு, கெட்டுப்போனால் சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ ஒரு ஆள். ஒரு ஊர் சேர்ந்து செய்தால் ஆர்ஓ; சந்தேகமே வேண்டாம். ஒரு வீடு, ஒரு உப்பளக் கொட்டகை, கரண்டும் மெக்கானிக்கும் சரியாக வராத ஒரு கடலோரக் குடியிருப்பு என்றால்தான் இந்தப் பெட்டிக்கு வேலை. அதுவும் குடிக்கவும் சமைக்கவும் மட்டும். குளிக்க, துவைக்க இதில் கணக்குப் போட்டால் தெரு முழுக்கக் கண்ணாடி பரப்ப வேண்டி வரும்.

தலைக்கு 3 லிட்டர் என்று நாலு பேருக்கு 12 லிட்டர், அதற்கு நாலரை சதுர மீட்டர். இதைக் குறைக்க ஒரு வழி உண்டு, கடைசியில் சொல்கிறேன்.

பெட்டியின் அளவு

ஒரு சதுர மீட்டர் பெட்டிக்கு நான் சொல்வது: உள்பக்கம் கிழமேலாக 125 சென்டிமீட்டர், தென்வடலாக 80. தெற்குச் சுவர் 10 சென்டிமீட்டர் உயரம், வடக்குச் சுவர் 31. இப்படி வைத்தால் கண்ணாடி தெற்கு பார்த்து 15 டிகிரி சரிவில் உட்காரும். அந்தந்த ஊரின் அட்சரேகை அளவுக்குச் சாய்க்க வேண்டும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். ராமநாதபுரத்துக்கு அது 9 டிகிரிதான் வரும், ஆனால் அவ்வளவு படுக்கையாக வைத்தால் கண்ணாடியின் அடியில் சேரும் நீர் வழிந்து கீழே வராமல், இட்லிக் கொப்பரை மூடியைத் தூக்கும்போது சொட்டுவதுபோல, பாதி வழியிலேயே உப்புத் தண்ணீரில் திரும்ப விழும். 12-க்குக் கீழே போகாதீர்கள், 15 சௌகரியம்.

இன்னொன்று: சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணிப் பாதி வரை நண்பகல் சூரியன் ராமநாதபுரத்துக்கு வடக்கே நிற்கும். அப்போது வடக்குச் சுவரின் நிழல் பெட்டிக்குள் கொஞ்சம் விழும், ஆனியில் கூட 7 சென்டிமீட்டர் அளவுக்குத்தான். அதற்காகக் கவலைப்பட வேண்டாம், சுவர்களின் உள்பக்கம் வெள்ளையாக இருந்தால் போதும். கருப்பு தரைக்கு மட்டும். நீளமாகப் பல சதுர மீட்டருக்குக் கட்டுவதாக இருந்தால் மட்டும் நடுவில் முகடு வைத்து இருபக்கமும் சரிவு கொடுங்கள். சுவர் குள்ளமாகும், நிழல் பிரச்சினையே எழாது.

தண்ணீரின் ஆழம் 2 சென்டிமீட்டர். ஒன்றரை இருந்தால் இன்னும் நல்லது. இதுதான் பலர் கவனிக்காத இடம். தொட்டி நிறைய ஊற்றினால் நிறைய வடியும் என்று 10 சென்டிமீட்டர் ஊற்றிவிட்டு, மதியம் வரை வெறும் வெதுவெதுப்பாகவே கிடக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். 40 டிகிரியில் இருக்கும் தண்ணீரைவிட 60 டிகிரியில் இருக்கும் தண்ணீரின் ஆவியழுத்தம் இரண்டரை மடங்குக்கும் மேல். அதனால் கொஞ்சம் தண்ணீரைச் சீக்கிரம் நன்றாகச் சூடாக்குவதுதான் இங்கே லாபம். ஆழமான தண்ணீர் ராத்திரியிலும் வடியும் என்பது உண்மைதான், ஆனால் கூட்டிப் பார்த்தால் மொத்தம் குறைவாகவே வரும்.

எதில் கட்டுவது

உப்புக்காற்றில் எது நிற்கும் என்பதை வைத்துத்தான் இந்த வேலையே. தகரம், ஜிஐ ஷீட் வேண்டவே வேண்டாம், சூடான உப்புத் தண்ணீர் ஒரே பருவத்தில் ஓட்டை போட்டுவிடும். எவர்சில்வர் என்றாலும் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 304 ரகம் சூடான கடல்நீரில் புள்ளி புள்ளியாக அரிக்கும், 316 அதைவிடத் தாங்கும், ஆனால் அதுவும் முழுக்கத் தப்பாது, விலையும் ஏறிவிடும். ஃபைபர் தொட்டி நல்ல வழி. படகுக்கு ஃபைபர் அடிக்கிற பட்டறை கடலோரத்தில் எந்த ஊரிலும் இருக்கும், அளவு கொடுத்தால் செய்து தருவார்கள், பிசின் வாசனை போகும்வரை நன்றாக வெயிலில் காயவைத்துக் கழுவ வேண்டும்.

இதைவிடச் சல்லிசு, இறால் பண்ணைக் குட்டைகளில் விரிக்கிற கருப்பு எச்டிபிஇ விரிப்பு. 500 மைக்ரான் தடிமன் போதும். மிச்சத் துண்டு கிடைக்கும். புதிதாக வெட்டி வாங்கினாலும் ஒரு பெட்டிக்குப் பெரிய செலவில்லை. உடம்பே கருப்பு என்பதால் பெயிண்ட் அடிக்கும் தொல்லை இல்லை, பெயிண்ட் வாசனை தண்ணீரில் ஏறும் தொல்லையும் இல்லை. ஒரே சிக்கல், சிலிகான் இதில் ஒட்டாது. அதனால் மூலையில் வெட்டாமல் மடித்து, நாலு பக்கமும் சுவரின் உச்சி வரை ஏற்றி, மேல்விளிம்பில் சட்டத்துக்கு அடியில் பிடித்துவிடுங்கள். அப்படிச் செய்யும்போது உள்சுவர் கருப்பாகிவிடும், பரவாயில்லை, வடக்குச் சுவரில் மட்டும் வெள்ளை டைல் ஒன்றைச் சாய்த்து வைத்துக்கொள்ளலாம்.

பெட்டிக்கு மரைன் பிளைவுட், அல்லது தரையிலேயே என்றால் செங்கல். அடியில் சூடு இறங்காமல் 5 சென்டிமீட்டர் தெர்மோகோல் போடுவது வழக்கம். பெட்டி காய்ந்து கிடக்கும் நாளில் உள்சூடு தெர்மோகோல் தாங்கும் அளவைத் தாண்டிவிடும், சுருங்கிப் பள்ளம் விழும், அப்புறம் 2 சென்டிமீட்டர் ஆழம் ஒரு பக்கம் நாலாகவும் மறுபக்கம் சுழியாகவும் நிற்கும். விரிப்புக்கும் தெர்மோகோலுக்கும் நடுவில் ஒரு பிளைவுட் பலகை வைத்தால் தப்பிக்கும். காய்ந்த தேங்காய் நார்த்தூள், உமி இரண்டும் நல்ல மாற்று, ஈரம் படாமல் பிளாஸ்டிக் உறையில் கட்டிப் போட வேண்டும்; நனைந்த உமி சூட்டைத் தடுக்காது.

மாடியில் வைப்பவர்கள் எடையையும் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் 20 கிலோ, கண்ணாடி 11, பெட்டி 25 என்றால் 60 கிலோவுக்குள். கான்கிரீட் மாடிக்கு ஒன்றுமில்லை, ஓட்டுக் கூரைக்கு ஆகாது. காற்றுக்குக் கட்டிவைப்பது அவசியம். 2018-ல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது என்னென்ன பறந்தது என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கண்ணாடியும் வடிகாலும்

சாதாரண 4 மில்லிமீட்டர் வெள்ளைக் கண்ணாடி, 88-க்கு 130 சென்டிமீட்டர். பன்னிரண்டே கால் சதுர அடி வரும். பிள்ளைகள் பந்து விளையாடும் இடமென்றால் டஃபண்டு கண்ணாடி வாங்கிவிடுங்கள். பிளாஸ்டிக் ஷீட் மலிவு என்று போகாதீர்கள்: வெயிலில் நொறுங்குவது ஒரு பக்கம், அதன் அடியில் நீர் படலமாகப் பரவாமல் முத்து முத்தாக நிற்கும், அந்த முத்துகள் வெயிலைத் திருப்பி அனுப்பும், காற்றுக்கு ஷீட் ஆடினால் அப்படியே கீழே கொட்டும். கண்ணாடியையும் மாட்டும் முன் எண்ணெய்ப் பசை துளிகூட இல்லாமல் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினால்தான் நீர் படலமாக வழியும்.

சூடு தங்கட்டும் என்று இரட்டைக் கண்ணாடி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே கண்ணாடிதான் குளிர்விக்கும் இடம். அதைக் கம்பளி போட்டு மூடினால் ஆவி எங்கே போய்த் தண்ணீராகும்? ஒற்றைக் கண்ணாடி, அதன் மேல் கடற்காற்று, போதும்.

நல்ல தண்ணீர் சேரும் வாய்க்கால் தெற்குச் சுவரின் உள்பக்கம், கண்ணாடியின் கீழ்விளிம்புக்கு நேர் அடியில் வர வேண்டும். இதற்கு 304 எவர்சில்வர் தகடு போதும், உப்புத் தண்ணீர் படாத இடம். பட்டறையில் மடித்து வாங்கிவிடலாம். அல்லது முக்கால் அங்குல சிபிவிசி குழாயை நீளவாக்கில் பிளந்துகொள்ளுங்கள். சாதாரண பிவிசி அந்தச் சூட்டில் தொய்ந்துபோகும். நீளம் முழுவதற்கும் ஒன்றரை சென்டிமீட்டர் இறக்கம் கொடுத்து, வெளியே வரும் குழாயில் யு வளைவு ஒன்று வையுங்கள், அதில் நிற்கும் நீர் ஆவியை வெளியே விடாது. ஆவிக் கசிவுதான் திறனைத் தின்னும் முதல் திருடன், கண்ணாடி ஓரத்தில் ஈரம் பூத்திருந்தால் அங்கே ஓட்டை.

கண்ணாடியை ஒட்ட மீன் தொட்டி சிலிகான்தான் வேண்டும். குளியலறைக்கு விற்கும் ரகத்தில் பூஞ்சை மருந்து கலந்திருக்கும், குடிநீருக்கு ஆகாது.

இன்னும் இரண்டு குழாய். ஒன்று தண்ணீர் ஊற்ற. இன்னொன்று தரையிலிருந்து சரியாக 2 சென்டிமீட்டர் உயரத்தில் வழிந்தோடும் துளை. இதற்கும் யு வளைவு வேண்டும். கண்ணாடியைக் கழற்றாமல் உள்ளே கை நுழைத்துத் துடைக்க வடக்குச் சுவரில் மூடியோடு ஒரு வாசல் வைத்தால் பின்னால் என்னை வாழ்த்துவீர்கள்.

தினசரி ஓட்டுவது

காலை ஏழு மணிக்குள், வெயில் ஏறும் முன், தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். மதியம் காய்ந்த பெட்டியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடும்.

நேற்று 3 லிட்டர் வடிந்தது என்று இன்றைக்கு 3 லிட்டர் மட்டும் ஊற்றாதீர்கள், 9 லிட்டர் ஊற்றுங்கள். மிச்சம் 6 லிட்டர் வழிந்தோடும், போகும்போது உப்பையும் எடுத்துக்கொண்டு போகும். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. மூன்று லிட்டர் ஆவியானால் தினம் 105 கிராம் உள்ளேயே தங்கும். ஒன்பது ஊற்றி ஆறு வழியவிட்டால் உள்ளே லிட்டருக்கு 52 கிராம் அளவில் நின்றுவிடும், அதற்கு மேல் ஏறாது. இதை விட்டுவிட்டால் ஒரே வாரத்தில் இரு மடங்காகும், மாதத்தில் தரை வெள்ளைப் பூத்து, கருப்புத் தரை வெயிலைத் திருப்பியனுப்ப ஆரம்பிக்கும். வழிந்த உப்புநீரைத் தென்னை மூட்டிலோ கிணற்றடியிலோ விடாமல் கடல் பக்கம் விடுங்கள்.

தண்ணீரை எங்கிருந்து எடுப்பது என்பதும் முக்கியம். படகுத் துறைப் பக்கம் எடுக்காதீர்கள். உப்பு, ஃபுளோரைடு, நைட்ரேட் எல்லாம் பெட்டியிலேயே தங்கிவிடும், ஆனால் டீசல், பெட்ரோல், பூச்சிமருந்துக் கரைசல் மாதிரி தானே ஆவியாகும் சரக்கு தண்ணீரோடு சேர்ந்தே ஏறி வரும். கரை மணலில் ஊற்றுத் தோண்டி அதிலிருந்து எடுத்தால் கலங்கலும் இருக்காது.

கண்ணாடியின் மேல்பக்கம் வாரம் இரண்டு தரம் நல்ல துணியால் துடைக்க வேண்டும். கச்சான் (மேல்காற்று) அடிக்கிற மாதங்களில் புழுதி, மற்ற நாளில் உப்புப் படிவு, எப்போதும் காக்கை.

கட்டி முடித்த முதல் இரண்டு வாரத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், வாசனை போகட்டும். பிறகு ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், பேனா அளவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். வடிந்த நீர் 50-க்குள் காட்ட வேண்டும். நூறைத் தாண்டினால் எங்கேயோ உப்புத் தண்ணீர் வாய்க்காலில் கலக்கிறது: ஊற்றும்போது தெறிக்கிறது, அல்லது வழிதுளை அடைத்து மட்டம் ஏறியிருக்கிறது, பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று. சேரும் குடத்தை மூடி, குழாய் முனையில் கொசுவலை கட்டி, நிழலில் வையுங்கள். பெட்டிக்குள் சுத்தமாக வடிந்த தண்ணீரைத் திறந்த குடத்தில் பிடித்துக் கிருமி சேர்ப்பதற்கா இவ்வளவு பாடு?

இப்போது விலை

ஒரு சதுர மீட்டர் பெட்டி 8,000 ரூபாயில் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம், உங்கள் ஊர்க் கூலிக்கு ஏற்ப ஏறலாம் இறங்கலாம். நாளைக்கு 2.7 லிட்டர், மழை மேகம் போக வருஷத்துக்கு 300 நாள், ஆக 810 லிட்டர். சிலிகான், குழாய் என்று வருஷத்துக்கு 500 ரூபாய். பெட்டி 10 வருஷம் உழைத்தால் மொத்தம் 13,000 ரூபாய், 8,100 லிட்டர். லிட்டர் 1 ரூபாய் 60 காசு. அதே பெட்டி மூன்று வருஷத்தில் உளுத்துப்போனால்? 9,500 ரூபாய், 2,430 லிட்டர். லிட்டர் 3 ரூபாய் 90 காசு. வெயிலும் அதே, திறனும் அதே, ஆயுள் மட்டும்தான் மாறியது.

இப்போது 15,000 ரூபாய் செலவு செய்து, சூட்டைச் சேமிக்கும் மெழுகுப் பெட்டகம், கண்ணாடி பிரதிபலிப்பான், தாமிரத் தகடு எல்லாம் வைத்துத் தினம் 3.5 லிட்டர் எடுக்கிறீர்கள். 30 சதவீதம் அதிகம், கேட்க நன்றாக இருக்கிறது. பத்து வருஷம் அதுவும் உழைத்தாலும் பராமரிப்போடு 20,000 ரூபாய், 10,500 லிட்டர். லிட்டர் 1 ரூபாய் 90 காசு. எளிய பெட்டியைவிடக் கூடுதல். ஐந்து வருஷம்தான் என்றால் 3 ரூபாய் 33 காசு. கல்லூரிப் புராஜெக்டுகளில் துருத்தித் தெரியும் இந்தச் சோதனைகளை நான் குறை சொல்லவில்லை, ஆனால் அவை காட்டுவது ஒரு நாள் விளைச்சலை. நமக்கு வேண்டியது லிட்டர் விலை. கருப்புச் சாக்கு விரித்தால், சரளைக்கல் போட்டால், மேலே தண்ணீர் ஓடவிட்டால் என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: காசு செலவில்லாமல், உப்பு அடைக்காமல், தினம் கூடுதல் வேலை வைக்காமல் செய்ய முடிந்தால் செய்யுங்கள். சாக்கு ஒரு மாதத்தில் உப்புப் பாளமாகிவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

உண்மையான பாய்ச்சல் வேறு இடத்தில் இருக்கிறது. ஆவி தண்ணீராகும்போது விடும் சூட்டைப் பிடித்து அடுத்த தட்டுத் தண்ணீரை ஆவியாக்கலாம். எம்ஐடியும் ஷாங்காய் ஜியாவோ டோங் பல்கலைக்கழகமும் 2020-ல் பத்து அடுக்கு வைத்து இப்படிச் செய்து 385 சதவீதத் திறன் காட்டினார்கள், ஒரே சூட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதால் நூறைத் தாண்டுகிறது. ஆய்வகத்துச் சிறு கருவி அது, நம் தச்சர் செய்யும் பொருளாக இன்னும் இறங்கவில்லை.

நிலம் இருக்கிறவர்களுக்கு மலிவு வழி அவானியா பாணிதான். தரையில் செங்கல் கட்டி, இறால் குட்டை விரிப்புப் போட்டு, ஐந்து சதுர மீட்டருக்கு ஒரே பாத்தி. சதுர மீட்டருக்கு 4,500 ரூபாய் என்று 22,500, வருஷத்துக்கு 1,500 பராமரிப்பு, தினம் இரண்டரை லிட்டர் வீதம் வருஷத்துக்கு 3,750 லிட்டர். பதினைந்து வருஷம் ஓடினால் லிட்டர் 80 காசு. கம்பி எதுவும் சிமென்ட்டில் போடாதீர்கள், உப்பு ஏறித் துருவேறிக் கட்டுமானத்தைப் பிளக்கும்.

எதிர்ப்பக்கம் என்ன விலை? 20 லிட்டர் கேன் 35 ரூபாய் என்றால் லிட்டர் 1 ரூபாய் 75 காசு. 15 லிட்டர் குடம் பத்து ரூபாய்க்குக் கிடைத்தால் 67 காசு. மேலே போட்ட கணக்கில் வட்டியும் உங்கள் உழைப்பும் சேரவில்லை. ஆகவே காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் ஒழுங்காக வரும் ஊரில், அல்லது குடத்தண்ணீர் வண்டி தினம் வாசலுக்கு வரும் தெருவில், காசுக்காக இதைக் கட்டாதீர்கள். வண்டி வராத இடம், வந்தாலும் இரண்டு கிலோமீட்டர் தள்ளுவண்டி தள்ளிப் பெண்கள் கொண்டுவரும் இடம், கோடையில் குடம் விலை இரட்டிக்கும் இடம், அங்கே கட்டுங்கள்.

குறைந்த பெட்டியில் அதிகத் தண்ணீர்

கிணற்று நீர் டிடிஎஸ் 2,000 அளவில் இருந்தால், அதை நேராகக் குடிக்க முடியாது, ஆனால் வடித்த நீர் நாலு பங்குக்கு அது ஒரு பங்கு கலந்தால் 400 வரும். இந்தியத் தர நிர்ணயத்தில் குடிநீருக்கு ஏற்கத்தக்க அளவு 500. பன்னிரண்டு லிட்டர் தேவையில் இப்படி இரண்டரை லிட்டர் மிச்சம், அதாவது ஒரு பெட்டி மிச்சம். வடித்த நீரின் சப்பென்ற ருசியும் மாறும், கால்சியம், மக்னீசியமும் கொஞ்சம் சேரும். கலக்கும் கிணற்று நீரைக் கொதிக்கவைத்து ஆற்றியபின் கலக்க வேண்டும், ஃபுளோரைடு அதிகமில்லை என்று ஒரு தடவை பரிசோதித்துக்கொள்ள வேண்டும். கடல்நீரில் இந்த வேலை ஆகாது.

அதைவிடப் பெரிய மிச்சம் மழை. ராமநாதபுரத்தில் வருஷ மழை சுமார் 800 மில்லிமீட்டர். ஒரு சதுர மீட்டர் கூரையில் வருஷத்துக்கு 800 லிட்டர், நம் பெட்டி வருஷம் முழுக்க வெயிலில் கிடந்து வடிப்பதும் ஏறக்குறைய அவ்வளவே! 50 சதுர மீட்டர் மொட்டை மாடியில் பாதியைப் பிடித்தாலே 20,000 லிட்டர். நாலு பேருக்கு நாளைக்கு 12 லிட்டர் என்றால் வருஷத்துக்கு 4,400 லிட்டர்தான் வேண்டும். ஒரு 5,000 லிட்டர் மூடிய தொட்டியும் மணல் வடிகட்டியும் வைக்க இடமும் காசும் இருந்தால் முதலில் அதைச் செய்துவிடுங்கள். தொட்டி சின்னதாக இருக்கிற வீட்டுக்கும், மழை பொய்த்த வருஷத்துக்கும், பங்குனியிலிருந்து ஆடி வரையான காய்ந்த மாதங்களுக்கும் பெட்டி. மழை இல்லாத அந்த மாதங்களில்தான் பெட்டி நன்றாக வடிக்கும் என்பது ஒரு வசதி.

பெட்டியின் தெற்கு விளிம்பில், கண்ணாடிக்கு வெளியே, பிளந்த பிவிசி குழாய் ஒன்றைப் பொருத்தி அதற்குத் தனிக் குடம் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பெட்டி வடிக்காத நாளில் கண்ணாடி மழையைப் பிடித்துக் கொடுக்கும். முதல் பத்து நிமிட மழையைக் கீழே விட்டுவிட்டு அப்புறம் பிடியுங்கள்.